சம்பள மானியம் யார் வேலையைக் காப்பாற்றியது?

2020 கோவிட் நெருக்கடியில் சிங்கப்பூர் அரசாங்கம் எடுத்த நடவடிக்கைகள் பலித்தனவா? பலித்தன என்றுதான் சொல்வேன். ஆனால் அந்தக் கணக்கைப் போடும்போது வெளிநாட்டு ஊழியர்கள் என்ற ஒரு பெரிய கூட்டத்தையே விட்டுவிடுகிறோம். அது என்னை உறுத்துகிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் உள்ளூர் ஊழியர் ஒவ்வொருவருக்கும் மாதச் சம்பளத்தின் முதல் 4,600 வெள்ளியில் (சிங்கப்பூர் டாலரில்) 75 விழுக்காட்டை அரசாங்கம் சம்பள மானியமாக ஏற்றுக்கொண்டது. நான் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். ஊழியர்களுக்குச் சிபிஎஃப் எனும் மத்திய சேம நிதி கட்டிய விவரத்தை வைத்து வருவாய் ஆணையமே கணக்கிட்டுப் பணத்தைப் போட்டுவிட்டது. விண்ணப்பம், அலைச்சல் எதுவும் இல்லை. சிங்கப்பூரின் இந்தியர் வட்டாரமான தேக்காவில் ஒரு சாப்பாட்டுக் கடை. நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்துவிட்டு பார்சல் மட்டும் விற்றுக்கொண்டிருந்த நேரம். கல்லாவில் இருந்த அக்காவின் 2,000 வெள்ளிச் சம்பளத்தில் 1,500 வெள்ளி முதலாளிக்குத் திரும்பி வந்தது. அது வராமல் போயிருந்தால் அக்கா அன்றே வீட்டுக்குப் போயிருப்பார். வேலை போனபின் உதவித்தொகை கொடுப்பதைவிட, போகவிடாமல் பிடித்துவைப்பது எவ்வளவோ மேல்.

இந்த வழி 2009லேயே தொடங்கியது. அதிபர் எஸ்.ஆர். நாதன் ஒப்புதலோடு முதன்முறையாகக் கடந்தகால நிதியிருப்பில் (முந்தைய அரசாங்கங்கள் சேர்த்துவைத்த பணத்தில்) கைவைத்து, சம்பளத்தின் முதல் 2,500 வெள்ளியில் 12 விழுக்காட்டை முதலாளிகளுக்குக் கொடுத்தார்கள். மறு ஆண்டு பொருளாதாரம் 14 விழுக்காட்டுக்கும் மேல் வளர்ந்தது. அந்த வளர்ச்சியை மானியத்தின் கணக்கில் எழுத முடியாது. உலகம் மறுபடி சரக்கு வாங்கத் தொடங்கியதால் வந்தது அது. அதுவரை ஆட்களைக் கைவிடாமல் வைத்திருந்ததுதான் மானியத்தின் சாதனை. அதுவே பெரிது.

சரி, அதே தேக்கா கடையின் சமையலறைக்கு வருவோம். தோசை மாஸ்டர் எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் வந்த வெளிநாட்டவர். அவருக்கு சிபிஎஃப் கிடையாது, அதனால் சம்பள மானியமும் கிடையாது. வெளிநாட்டு ஊழியருக்காக முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் தீர்வையில் தள்ளுபடியும் தலைக்கு 750 வெள்ளிக் கழிவும் கிடைத்தன. கொஞ்ச காலம் தாங்கியது. அப்புறம் முதலாளி பாஸைப் புதுப்பிக்கவில்லை. வெளிநாட்டில் சிக்கியவர்களை அழைத்துப்போக இந்தியா விட்ட வந்தே பாரத் விமானத்தில் மாஸ்டர் திருச்சி போய்ச் சேர்ந்தார். அவர் வேலை இழந்தது நம் வேலையின்மை விகிதத்தில் ஏறவே இல்லை. 2020ல் உள்ளூர்வாசிகளின் வேலைகள் சற்றுக் கூடின. வீட்டுப் பணிப்பெண்களைச் சேர்க்காமலே வெளிநாட்டவர் வேலைகள் 1 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேல் குறைந்தன.

நம் ஆட்களுக்கு இது புதிதல்ல. 1930களின் பெருமந்தத்தில் ரப்பர் விலை ஒரு பவுண்டுக்கு 10 காசுக்கும் கீழே போனபோது, பிரிட்டிஷ் ஆட்சி செய்த முக்கியமான ‘நிவாரணம்’ தமிழ்த் தொழிலாளர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பியதுதான். மலாயாவிலிருந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். இங்கே வேலையில்லாதவர் எண்ணிக்கை குறைந்தது. பசி நாகப்பட்டினத்தில் போய் இறங்கியது. இன்றைய அரசாங்கத்தை அன்றைய ஆட்சியோடு ஒன்றாக வைப்பது அநியாயம். தொற்றுக் காலத்தில் தொழிலாளர் தங்கும் விடுதிகளில் அடைபட்டவர்களுக்குச் சாப்பாடும் சிகிச்சையும் கொடுத்தது இந்த அரசாங்கம். ஆனாலும் சரிவின் சுமையை யார் தலையில் இறக்குகிறோம் என்பதில் அந்தப் பழைய வழக்கம் இன்னும் போகவில்லை.

“நிதியிருப்பு குடிமக்களின் சொத்து, அதை வெளியாருக்குக் கொடுக்கலாமா?” என்று கேட்பீர்கள். அதைத் தொடவே வேண்டாம். ஒவ்வொரு ஒர்க் பர்மிட்காரருக்கும் எஸ் பாஸ்காரருக்கும் மாதாமாதம் தீர்வை வசூலாகிறதே, நல்ல காலத்தில் அதில் ஒரு சிறு பங்கைத் தனியாக எடுத்து வைக்கட்டும். மந்தம் வந்து ஒருவரின் வேலை அனுமதி பாதியில் ரத்தானால், அவர் விமானம் ஏறும் முன் இரண்டு மாதச் சம்பளம் அவர் கணக்குக்கே போகட்டும். வேலை அனுமதி, தீர்வை விவரம் எல்லாம் மனிதவள அமைச்சிடம் ஏற்கெனவே இருக்கிறது. அக்காவின் மானியத்தைப் போலவே இதற்கும் யாரும் விண்ணப்பிக்க வேண்டியிருக்காது.