மழை பெய்யாத நாளில் பொங்கும் மேன்ஹோல்தான் ஓடையைக் கொல்கிறது

அடைமழையில் மேன்ஹோல் பொங்கினால் ஊரே பேசுகிறது. வெயில் நாளில் தாமான் எனும் குடியிருப்புப் பகுதியின் பின்பக்கம் மேன்ஹோல் மூடியோரம் கசிந்து, லோங்காங் எனும் மழைநீர் வடிகால் வழியாகச் செம்பனைத் தோட்டத்து ஓடைக்குப் போகும் கழிவை யாரும் கண்டுகொள்வதில்லை. ஓடைக்கு அதிகக் கெடுதல் செய்வது இந்த இரண்டாவதுதான் என்பது என் உறுதியான கருத்து.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் மலேசியாவின் கழிவுநீர்க் குழாய் வடிவமைப்புக் கணக்கில் ஒரு வீட்டுக்கு 5 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 225 லிட்டர் கழிவுநீர். 75 வீட்டுக் குழாய் ஓரிடத்தில் அடைத்தால் விநாடிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் வெளியேறும். வறண்ட நாளில் விநாடிக்கு 20 லிட்டர் ஓடும் ஓடையில் அது கலக்கிறது என்று வைப்போம். சுத்திகரிக்காத கழிவுநீரின் பிஓடி, அதாவது அதைச் சிதைக்கக் கிருமிகளுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன், லிட்டருக்கு 250 மில்லிகிராம் வாக்கில் இருக்கும். ஓடையில் ஏற்கெனவே இருக்கும் கொஞ்சத்தோடு சேர்ந்து, கலந்தபின் அது 12ஐத் தாண்டிவிடும். தேசிய நீர்த்தர அளவுகோலில் இரண்டாம் வகுப்புக்கு எல்லை 3. 12க்கு மேல் போனால் கடைசி வகுப்பு. நம் வெப்பத்தில் சுத்தமான தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனே லிட்டருக்கு 8 மில்லிகிராம்தான். அதனால்தான் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. கற்களில் சாம்பல் நிறப் பஞ்சுபோல் ஒன்று படர்கிறது. மழை நாளில் ஓடையும் பெருகுவதால் கழிவு கொஞ்சமாவது நீர்த்துப்போகும்.

வெயில் நாள் அடைப்புக்குப் பெரும்பாலும் காரணம் எண்ணெயும் வெட் டிஷ்யூவும்தான். நம் ஊர்ச் சூட்டில் பாமாயில் உறையாது என்று சிலர் சொல்கிறார்கள். அது உறையவே வேண்டியதில்லை. குழாய்க்குள் எண்ணெய் சிதைந்து கொழுப்பு அமிலமாகி, கான்கிரீட்டிலிருந்து கசியும் கால்சியத்தோடு சேர்ந்து, சோப்புக் கட்டியாகக் குழாய்ச் சுவரில் ஒட்டுகிறது. டிஷ்யூ அதில் மாட்டிக்கொண்டால் அடைப்புதான்.

ஒட்டுக்கடை, உணவகம் நடத்தும் அண்ணன்மார், அக்காமாரிடம் ஒன்று கேட்கிறேன். கழுவும் தண்ணீரிலிருந்து எண்ணெயைப் பிரித்துப் பிடிக்கும் கிரீஸ் டிராப் பெட்டியை வைத்தால் மட்டும் போதாது. மேலே மிதக்கும் கொழுப்பும் அடியில் தங்கும் சக்கையும் சேர்ந்து ஆழத்தில் கால்பங்கை எட்டுமுன் அள்ளிவிடுங்கள். சிங்க் அடியில் இருக்கும் சின்னப் பெட்டி என்றால் தினமும் அள்ள வேண்டும். கொதிநீரும் சோப்பும் ஊற்றிக் கழுவித் தள்ளாதீர்கள். எண்ணெய் கரைந்து டிராப்பைத் தாண்டிப் போய், குளிர்ந்ததும் தெருக் குழாயில் படியும். வீட்டில் சட்டியைத் தாளால் துடைத்துவிட்டுக் கழுவினாலே பாதி வேலை முடிந்தது.

மழை நாளில் மேன்ஹோல் பொங்குவதற்கும் நாம்தான் பொறுப்பு. இங்கே மழைநீருக்கு லோங்காங், கழிவுநீருக்குத் தனிக் குழாய். வீட்டைப் பெரிதாக்கும்போது கூரைத் தண்ணீரைக் கழிவுக் குழாயில் இணைத்துவிடுகிறார்கள். 100 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 5,000 லிட்டர். அந்த வீட்டின் நான்கு நாள் கழிவுநீரைவிட அதிகம், அதுவும் ஒரே மணி நேரத்தில். அந்த இணைப்பைப் பிடுங்கி லோங்காங்குக்குத் திருப்புங்கள்.

பொங்கிவிட்டால் முதலில் வீட்டு எல்லையில் இருக்கும், உங்கள் கழிவுக் குழாயின் கடைசிச் சோதனைத் தொட்டியைப் பாருங்கள். அது காய்ந்திருந்தால் அடைப்பு உங்கள் வீட்டுக் குழாயில், பிளம்பரைக் கூப்பிடுங்கள். நிரம்பியிருந்தால் அடைப்பு அதற்குக் கீழே, பெரும்பாலும் தெருக் குழாயில். தெருக் கழிவுக் குழாய்களைப் பராமரிக்கும் இண்டா வாட்டர் நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். எந்த மேன்ஹோல், எத்தனை மணி, மழை உண்டா இல்லையா என்பதைப் படத்தோடு அனுப்புங்கள். தெரு மேன்ஹோலை நீங்களே திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு ஆளையே கொன்றுவிடும்.

மழை இல்லையென்றால், கழிவு ஓடையைத் தொடுமுன் லோங்காங்கில் மணல்மூட்டை போட்டுத் தடுத்து, உறிஞ்சும் லோரி வரும்வரை தேக்கி வைக்கலாம். மழை இருட்டினால் உடனே மூட்டையை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறும். சிந்தியதைக் குழாய்த் தண்ணீரால் ஓடைப் பக்கம் அடித்துத் தள்ளக் கூடாது. வாடை போகட்டும் என்று குளோரின் கொட்டவே கூடாது. அது கழிவிலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமைன் ஆகி, மிச்சமிருக்கும் மீனையும் கொல்லும்.

தாமானில் கழிவுநீரைத் தள்ளும் பம்ப் நிலையம் இருந்தால், அது நின்றாலும் மேன்ஹோல் பொங்கும். அதனால் குடியிருப்பாளர் சங்கம் ஒரு கேள்வியை எழுத்தில் கேட்க வேண்டும்: ஒன்று பழுதானால் ஓட வேண்டிய இரண்டாவது பம்ப் ஓடுகிறதா, மின்சாரம் போனால் எச்சரிக்கை யாருடைய கைப்பேசிக்குப் போகிறது?