குளிரில் பேட்டரி செத்துப்போவதில்லை
"குளிர்காலத்தில் எலக்ட்ரிக் கார் பேட்டரி பாதி செத்துவிடும், குடும்பத்தோடு நீண்ட பயணம் போகவே முடியாது" என்று சொல்வது சரியல்ல. ஒரு சார்ஜில் ஓடும் தூரம் குறைவது உண்மைதான், ஆனால் அது தற்காலிகம். பேட்டரி சூடானால் திரும்பிவிடும். அமெரிக்காவின் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் அமைப்பு 2019-இல் வெளியிட்ட சோதனையில், மைனஸ் 7 டிகிரி செல்சியஸில் ஹீட்டர் போடாதபோது சராசரியாக 12 சதவீதம்தான் குறைந்தது. ஹீட்டர் போட்டதும் 41 சதவீதம். ஆக, பெரும்பகுதியைத் தின்பது ஹீட்டர். சார்ஜரில் இருக்கும்போதே காரைச் சூடாக்கிவிட்டுக் கிளம்புங்கள். அதற்காக ஹீட்டரை அணைத்து, குழந்தைகளை நடுங்கவிட்டு சார்ஜை மிச்சம் பிடிக்க வேண்டாம், சார்ஜ் போட ஓரிடத்தில் கூடுதலாக நிறுத்தலாம். அப்புறம், சில்லிட்ட பேட்டரியில் சார்ஜ் மெதுவாகத்தான் ஏறும். இரவு தங்கும் இடத்துக்குப் போகுமுன், ஓடிய சூடு ஆறாதபோதே சார்ஜ் போட்டுவிடுங்கள்.