அந்தக் கோச் தம்பியை விடுங்கள்

சனிக்கிழமை நடந்ததைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் எங்கள் கழகக் குழுவில் வந்த குரல்பதிவுகளைக் கேட்ட பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. என்ன நடந்தது என்று இங்கே பாதிப்பேருக்குத் தெரியும். மீதிப்பேருக்கு இதற்குள் யாராவது அனுப்பியிருப்பீர்கள். ஆகவே சுருக்கமாக: 13 வயதுப் பெடியன், உதைபந்தாட்ட அரையிறுதி, கோர்னர் பந்துக்கு எழும்பும்போது தலையும் தலையும் முட்டியது. கோச் அவனை வெளியே எடுத்தார். எவ்வளவு கேட்டும் திரும்ப இறக்கவில்லை. நாங்கள் தோற்றோம்.

அதிலிருந்து குழுவில் வழக்கு நடக்கிறது. தீர்ப்பும் வந்தாயிற்று. குற்றவாளி கோச்.

'பெடியனுக்கு ஒன்றும் இல்லையே, எழும்பி ஓடினவன், பேர் கேட்கச் சொன்னவன்' என்கிறீர்கள். மயங்கி விழுந்தால்தான் கன்கஷன், அதாவது மூளையதிர்ச்சி, என்று யார் சொன்னது? மூளையதிர்ச்சி வந்தவர்களில் பத்தில் ஒருவர்கூட நினைவு தப்புவதில்லை. தலையிடி, வெளிச்சம் கூசுவது, வாந்தி, மந்தம் எல்லாம் அடுத்த நாளோ அதற்கு மறுநாளோகூட வரலாம். ஸ்கானில் தெரிந்துவிடும் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். தெரியாது அண்ணா. ஸ்கான் எடுப்பது உள்ளே இரத்தக்கசிவு, எலும்பு முறிவு இருக்கிறதா என்று பார்க்க. கன்கஷன் அதில் விழாது. ஆஸ்பத்திரியின் மெஷினுக்கே பிடிபடாததை கோட்டுக்கு வெளியே கதிரை போட்டு இருந்தபடி நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள், பெரிய விஷயம்தான்.

கோச்சுக்கு உறுதியாகத் தெரியவேண்டிய அவசியமே இல்லை. இங்கே கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தில் இருக்கிற 'ரோவன் சட்டம்' (Rowan's Law) அவரை வைத்தியம் பார்க்கச் சொல்லவில்லை. கன்கஷனாக இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் உடனே வெளியே எடு, வைத்தியரோ நேர்ஸ் பிரக்டிஷனரோ (வைத்தியம் பார்க்கவும் தகுதி பெற்ற தாதி) பார்க்கும்வரை திரும்ப இறக்காதே, அவ்வளவுதான். சந்தேகம் போதும். பெடியனுக்கு ஒன்றுமே இல்லை என்று பிறகு தெரியவந்தாலும் சனிக்கிழமை அவர் செய்தது சரிதான். இதைத்தான் குழுவில் திரும்பத் திரும்ப எழுதினேன். ஒருவருக்கும் விளங்கவில்லை, அல்லது விளங்க விருப்பமில்லை.

அந்தச் சட்டத்துக்கு ஏன் ஒரு பிள்ளையின் பெயர் இருக்கிறது என்று எத்தனை பேர் தேடிப் பார்த்தீர்கள்? ரோவன் ஸ்ட்ரிங்கர். ஒட்டாவாக்காரி, 17 வயது, பள்ளிக்கூட ரக்பி அணியின் தலைவி. 2013 மே மாதம் ஒரு வாரத்துக்குள் திரும்பத் திரும்பத் தலையில் அடி. தனக்குக் கன்கஷனோ என்று அவளுக்கே சந்தேகம் வந்து கூகுளில் தேடியிருக்கிறாள், சிநேகிதிக்கும் எழுதியிருக்கிறாள். ஆனாலும் விளையாடப் போனாள். முதல் அடி ஆறமுதல் அடுத்த அடி விழுந்தால் மூளை தாங்காமல் வீங்கிவிடலாம். நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து அவள் செத்துப்போனாள். 2015இல் மரண விசாரணையில் 49 பரிந்துரைகள் வந்தன. மூன்று கட்சிக்காரரும் சேர்ந்து அதைத் தூக்கிப் பிடித்தார்கள், 2018இல் கனடாவிலேயே முதல் தடவையாக இப்படியொரு சட்டம் வந்தது. அமெரிக்காவிலும் வாஷிங்டன் மாநிலத்தில் இதே கதைதான். அடிபட்ட 13 வயதுப் பெடியனை அதே ஆட்டத்தில் திரும்ப இறக்கினார்கள், அவன் வருடக்கணக்காக எழும்பி நடக்க முடியாமல் கிடந்தான். 2009இல் அங்கே சட்டம் வந்தது. பிறகு ஐம்பது மாநிலங்களிலும் வந்தது.

ரோவனின் மரண விசாரணையில் வந்த ஒரு விஷயம் எனக்கு மறக்காது. அவளுக்குத் தெரிந்தது, சிநேகிதிகளுக்குத் தெரிந்தது. முடிவெடுக்கக்கூடிய ஒரு பெரிய ஆளுக்கும் தெரியவில்லை. எங்கள் பெடியனுக்குச் சனிக்கிழமை அப்படி ஒரு ஆள் இருந்தார். அவரைத்தான் எல்லாரும் சேர்ந்து போட்டுத் தாக்குகிறீர்கள்.

'இது பள்ளிக்கூடம் இல்லையே, எங்கட ஆக்களின் விளையாட்டு விழா, சட்டம் இங்கே வராது' என்று ஒரு சட்ட மேதை. சட்டம் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் இல்லை, கழகங்களுக்கும்தான். பதிவுப் படிவத்தோடு கன்கஷன் பற்றிய பக்கங்கள் வந்தன, வாசித்தேன் என்று நீங்கள்தான் கையெழுத்து வைத்தீர்கள். வாசிக்கவில்லை என்று எனக்குத் தெரியும், அது வேறு கதை. சரி, வாதத்துக்காக வராது என்றே வைப்போம். அது பள்ளிக்கூட மைதானமா, கழக மைதானமா என்று பிள்ளையின் மூளை பார்த்துக்கொண்டா இருக்கும்?

'தகப்பனே விளையாடட்டும் என்றாரே' என்பது அடுத்தது. சொன்னார், நானும் கேட்டேன். அதனால்தான் அந்த நேரத்தில் முடிவு தகப்பனின் கையில் இல்லை. அரையிறுதியில் ஒரு கோல் பின்னால் நிற்கும்போது எந்தத் தகப்பனுக்கும் கண் தெரியாது. அவரில் எனக்குக் கோபம் இல்லை.

குடும்ப வைத்தியர் கிடைப்பதில்லை, எமேஜென்சியில் விடிய விடிய இருக்கவேண்டும், ஒரு கடிதத்துக்குக் காசும் கேட்கிறார்கள் என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். அது நியாயம். சட்டம் போட்டவர்கள் அதற்கு வழி செய்யவில்லை. ஆனால் அதைக் கேட்கவேண்டிய இடம் மாகாண அரசு. சம்பளம் இல்லாமல் சனிக்கிழமை சனிக்கிழமையாக வந்து நிற்கிற கோச் தம்பியிடம் இல்லை.

பிறகு அந்தக் குரல்பதிவு. 'நாங்கள் ஷெல்லடிக்குள்ள விளையாடின ஆக்கள், இப்பத்தைய பிள்ளைகள் பந்து பட்டாலும் படுக்கிறாங்கள்.' அதற்குக் கீழே இருபது கைதட்டல். நானும் அங்கேயிருந்துதான் வந்தேன். அங்கே எங்களுக்கு ஒருவரும் பார்க்கவில்லை என்பது பெருமையா? மதிலால் விழுந்து, சைக்கிளால் விழுந்து, கிரிக்கெட் பந்து பட்டு, அதற்குப் பிறகு கணக்குப் போட வராமல், கரும்பலகையைப் பார்த்தபடி இருந்த பிள்ளைகள் என் வகுப்பிலும் இருந்தார்கள். மக்கு என்று கடைசி வாங்கில் இருத்தினோம். யாருடைய தலையில் என்ன நடந்திருந்தது என்று யார் பார்த்தார்கள்? எங்களுக்குக் கிடைக்காதது பிள்ளைகளுக்குக் கிடைக்கவேண்டும் என்றுதானே குளிரில் மூன்று வேலை செய்தோம். கிடைத்த பிறகு ஏன் உறுத்துகிறது?

என் மகளுக்கு நடந்ததை இதுவரை பொதுவில் எழுதியதில்லை. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பள்ளிக்கூட ஜிம் வகுப்பில் விழுந்து தலை நிலத்தில் அடிபட்டது. அன்றே ஃபோன் வந்தது, படிவம் வந்தது. முதல் ஓரிரு நாள் ஓய்வு. பழைய ஆக்கள் சொன்னமாதிரி இருட்டறையில் பூட்டி வைக்கவில்லை, இப்போது வைத்தியர்களும் அப்படிச் சொல்வதில்லை. மெல்ல நடக்கலாம், மெல்லப் படிக்கலாம், தலையிடி கூடினால் குறைக்கவேண்டும். பிறகு அரைநாள் வகுப்பு, சோதனைகள் பின்போடப்பட்டன. முழுநாளும் வகுப்பில் இருக்க ஏலும் என்றான பிறகுதான் விளையாட்டு, அதிலும் வைத்தியர் சொன்ன பிறகுதான் மற்றவர்களோடு மோதி விளையாடுவது. கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் அழுவாள். வெளியே பார்த்தால் ஒரு காயமும் இல்லை.

காயம் இல்லாததுதான் எங்கள் ஆக்களுக்குப் பிரச்சினை. காலில் மாவுக்கட்டு இருந்தால் பழம் வாங்கிக்கொண்டு வருவீர்கள். என் பிள்ளையை ஒரு பிறந்தநாள் விழாவில், அவள் கேட்கத்தக்கதாக, 'சோதனைக்குப் பயத்தில நடிக்கிறாள்' என்று ஒருவர் சொன்னார். அவர் இதை வாசிப்பார். வாசிக்கட்டும். அதற்குப் பிறகு அவள் எங்களோடு எந்த வீட்டுக்கும் வருவதில்லை. தலையிடி போய்விட்டது, அது போகவில்லை.

'வெள்ளைக்காரி மாதிரிக் கதைக்கிறாள்' என்று கீழே எழுதப் போகிறவர்கள் எழுதுங்கள். அந்தக் கோச் தம்பியின் தமிழைப் பார்த்துச் சிரித்தவர்களும் நீங்கள்தானே. இங்கே பிறந்து வளர்ந்த பெடியன், தகப்பனுக்கும் உங்களுக்கும் விளங்கவேண்டும் என்று தனக்குத் தெரிந்த தமிழில் 'தலை அடி, ரிஸ்க் எடுக்க ஏலாது அங்கிள்' என்று நின்று சொன்னான். அதைப் பதிவு செய்து ஸ்டிக்கர் ஆக்கியிருக்கிறீர்கள். பிள்ளைகள் எங்கள் ஆக்களோடு சேருவதில்லை, தமிழ் கதைப்பதில்லை என்று வருடாவருடம் மேடையில் அழுகிறவர்களும் நீங்கள்தான். கேட்க மறந்துவிட்டேன், அடிபட்ட பெடியன் எப்படி இருக்கிறான் என்று குழுவில் ஒருவராவது கேட்டீர்களா?

நேற்றிரவு தம்பி எனக்கு எழுதினான், இனி வரமாட்டானாம். அடுத்த சனி பயிற்சிக்கு யார் நிற்பது என்று நிர்வாகம் காலையில் கேட்டிருந்தது. இதுவரை ஒருவரும் பதில் போடவில்லை.