வீணாகக் கடலில் கலக்கிறது

பதினோரு வருஷம் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர் வேலை பார்த்தேன். அங்கே சில வாக்கியங்களை யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை, அவை தாமாக வந்து விழும். பேருந்து என்றால் கட்டுப்பாட்டை இழக்கும். தீ என்றால் கொழுந்துவிட்டு எரியும். மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டுவிட்டால் மறுநாள் தலைப்பு தயார்: ‘கொள்ளிடத்தில் 1 லட்சம் கன அடி நீர் வீணாகக் கடலில் கலக்கிறது’. கன அடி மட்டும் கூடும், குறையும். நானே இதை எத்தனை தடவை அடித்திருப்பேன் என்று கணக்கில்லை.

2018 ஆகஸ்டில்தான் முதல் தடவையாக உறுத்தியது. காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற முக்கொம்பில், கொள்ளிடம் அணையின் மதகுகள் உடைந்த சமயம். முதல் பக்கத்தில் ‘வெள்ள அபாயம், கரையோர மக்களுக்கு எச்சரிக்கை’. உள்பக்கத்தில் அதே தண்ணீர் ‘வீணாக’ ஓடிக்கொண்டிருந்தது. ஊருக்குள் வந்தால் ஆபத்து, கடலுக்குப் போனால் நஷ்டம். பாவம், அது எங்கேதான் போகும்?

சரி, பிடித்து வைத்திருந்தால் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வினாடிக்கு 1 லட்சம் கன அடி என்றால் ஒரு நாளைக்கு எட்டரை டி.எம்.சி.க்கும் மேல் (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). சென்னைக்குக் குடிநீர் கொடுக்கிற வீராணம் ஏரியின் முழுக் கொள்ளளவே 1.465 டி.எம்.சி.தான். ஒரு சொட்டுகூட இல்லாமல் காய்ந்து கிடந்தாலும் நாலு மணி நேரத்தில் தளும்பிவிடும். அதுவும் மொத்த வெள்ளத்தையும் அப்படியே திருப்ப முடிந்தால்! 93.47 டி.எம்.சி. பிடிக்கும் மேட்டூரே பதினோரு நாளில் நிரம்பிவிடும். வெள்ளத்தைக் கொள்ளும் இடம் என்பதால்தான் அந்த ஆற்றுக்கே கொள்ளிடம் என்று பேர் வந்தது என்பார்கள்.

பத்திரிகைக்காரர்களை மட்டும் சொல்லிப் பிரயோஜனமில்லை. 2007இல் காவிரி நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்பில் 740 டி.எம்.சி.யைப் பிரித்தது. தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7, சுற்றுச்சூழலுக்கு 10. மிச்சம் 4 கடலுக்கு. ஆனால் அந்த நாலுக்குத் தீர்ப்பில் இருக்கும் ஆங்கிலப் பெயரைத் தமிழில் சொன்னால், ‘தவிர்க்க முடியாமல் தப்பிப் போகும் நீர்’ என்று வரும். மற்றவர்களுக்கெல்லாம் பங்கு. கடல் என்று வந்ததும் தண்ணீர் கைதியாகிவிடுகிறது, கொஞ்சம் கண் அசந்தால் ஓடிவிடுகிற கைதி.

கொள்ளிடம் கடலில் சேருகிற பழையாறு பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். துறைமுகத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தபோது அவர் சொன்னது: “மேட்டூர்ல தொறந்துட்டாங்கன்னு டிவியில சொன்னா இங்க எங்களுக்குச் சந்தோசம் தம்பி. கலங்கத் தண்ணி வந்தாத்தான் எறா படும்.” நான் வீண் என்று தலைப்புப் போட்ட அதே தண்ணீர். கடலில் பொரிக்கிற இறால் குஞ்சு கழிமுகத்துக்குள் வந்துதான் வளருகிறது. ஆற்று நீரும் உப்பு நீரும் கலந்தால்தான் அதற்கு வாழ்வு. பக்கத்திலேயே இருக்கிற பிச்சாவரம் அலையாத்திக் காடும் அந்தக் கலப்பில் நிற்பதுதான். மேலிருந்து வரும் நல்ல தண்ணீர் தள்ளிப் பிடிக்காவிட்டால் உப்பு ஆற்றுக்குள் ஏறி, கரையோரக் கிணறுகள் கெட்டுப்போகும். இதையெல்லாம் விடுங்கள், தஞ்சாவூர்ச் சீமையே அப்படி ‘வீணாக’ ஓடிய தண்ணீர் ஆயிரக்கணக்கான வருஷமாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல்தானே!

நம்மிடம் இதற்குச் சொல் இல்லாமலும் இல்லை. ஆறு கடலில் சேரும் இடத்தை முகத்துவாரம் என்கிறோம், கழிமுகம் என்கிறோம். ஆற்றின் முகம் அங்கேதான் இருக்கிறது. காவிரி கடலில் புகுந்த இடத்தில் இருந்த பட்டினத்துக்குப் பெயரே புகார். (இன்றைக்குப் புகார் என்றால் போலீஸ் ஸ்டேஷன்தான் ஞாபகம் வரும், அது வேறு கதை.)

கடைமடை விவசாயியின் கோபம் பொய் என்று நான் சொல்லவில்லை. கொள்ளிடம் கரை புரளும்போது தன் வாய்க்கால் காய்ந்து கிடந்தால் யாருக்கும் வயிறு எரியும். மழையாக விழும் கொஞ்ச நீரும் மனிதருக்குப் பயன்படாமல் கடலுக்குப் போகக் கூடாது என்று 12ஆம் நூற்றாண்டிலேயே இலங்கை அரசன் பராக்கிரமபாகு சொன்னதாக அந்த நாட்டின் பழைய வரலாற்று நூலான சூளவம்சத்தில் இருக்கிறது. குளம் வெட்டிய ராஜா, சொல்லலாம். என் சண்டை அந்த ‘வீணாக’ என்ற வினையடையோடுதான். ‘வீணாக்கினார்கள்’ என்று எழுதினால், யார் என்று அடுத்த கேள்வி வரும். வாய்க்காலை ஏன் தூர்வாரவில்லை, ஏரி எப்படிச் சுருங்கியது, ஆற்று மணல் எங்கே போனது என்று பேச்சு நீளும். ‘வீணாகக் கலக்கிறது’ என்றால் செய்தவர் யாருமில்லை, ஆறுதான் குற்றவாளி. உடனே டீக்கடையில் ஆரம்பித்து சட்டமன்றம் வரை எல்லோரும் ஒரே பதிலுக்கு வந்துவிடுவோம்: குறுக்கே இன்னொரு அணை கட்டு.

வேலையை விடுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, இரவுப் பணியில், அந்த ஒரு சொல்லை மட்டும் வெட்டிவிட்டுப் பக்கத்தை அனுப்பினேன். கால் மணி நேரத்தில் சீனியர் ப்ரூஃபைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேஜைக்கே வந்துவிட்டார்.

“என்னய்யா இது? ‘1 லட்சம் கன அடி நீர் கடலில் கலக்கிறது.’ ஆறு கடல்ல கலக்காம வேற எங்கய்யா கலக்கும்? இதுல செய்தி எங்க இருக்கு?”

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவரே பேனாவை எடுத்து, நடுவில் ஒரு கூரைக்குறி போட்டு, ‘வீணாக’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.