முகக்கவசம் பயனற்றது என்போருக்கு

கொரோனா தணிந்த பிறகு, "முகக்கவசத்தால் ஒரு பயனும் இருக்கவில்லை" என்ற பேச்சு இலங்கையின் மலையகத்திலும் வேரூன்றிவிட்டது. ஹட்டனிலிருந்து நுவரெலியா செல்லும் பஸ்ஸில், குளிருக்காகக் கண்ணாடிகளை இறுக மூடிக்கொண்டு, இருமுகிறவர்களின் நடுவே அமர்ந்தபடியே இதைச் சொல்கிறார்கள். இது தவறான முடிவு, ஆபத்தான முடிவும்கூட.

2020, 2021ஆம் ஆண்டுகளில் பங்களாதேஷில் ஏறத்தாழ 600 கிராமங்களில், மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோரிடையே ஓர் ஆய்வு நடந்தது. முகக்கவசத்தை இலவசமாக வழங்கி வலியுறுத்திய கிராமங்களில்கூட முறையாக அணிந்தவர்கள் 42 வீதத்தினர் மட்டுமே. மற்றக் கிராமங்களில் 13 வீதத்தினர். அப்படியிருந்தும், சத்திரசிகிச்சை முகக்கவசம் கொடுக்கப்பட்ட கிராமங்களில் அறிகுறியுடன் கூடிய, இரத்தப் பரிசோதனையில் உறுதியான தொற்று சுமார் 11 வீதம் குறைந்தது. அறுபது வயதைக் கடந்தோரிடையே 35 வீதம் குறைந்தது. துணிக் கவசத்துக்கு அத்தகைய தெளிவான பலன் தெரியவில்லை. பாதிப்பேர்கூட அணியாத நிலையில் கிடைத்த பலனைச் சிறிதென்று ஒதுக்குவது நியாயமல்ல.

கவசத்தின் பலவீனம் பெரும்பாலும் அதன் ஓரங்களில்தான் இருக்கிறது. சத்திரசிகிச்சைக் கவசம் கன்னத்தோடு பொருந்தாத இடைவெளிகளால் காற்று தடையின்றி உள்ளே புகும். என்95 வகை, 0.3 மைக்ரோன் அளவுத் துகள்களில் குறைந்தது 95 வீதத்தை வடிகட்டுவதோடு, முகத்தோடு ஒட்டியும் நிற்கிறது. மூக்கை வெளியே விட்டு நாடியில் தொங்கவிட்ட கவசத்தை வைத்து எல்லாக் கவசங்களையும் எடைபோடக்கூடாது.

எனக்குப் பெருங்கவலை தருவது காசநோய். சிகிச்சை தொடங்காத நோயாளி இருமும்போது வெளியாகும் கிருமி, காற்றோட்டமில்லாத அறையில் பல மணிநேரம் மிதக்கும். நோயாளி சத்திரசிகிச்சைக் கவசமும், பராமரிப்பவர் என்95 கவசமும் அணிவது நல்ல பாதுகாப்பு. ஆனால், சமைப்பதும் உண்பதும் உறங்குவதும் ஒரே லயன் காம்பராவுக்குள், அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் ஒற்றை அறைக்குள், நடக்கும் குடும்பத்தில், இரவு முழுவதும் யார் கவசத்தோடு படுத்திருக்க முடியும்?

ஆகவே, நீடித்த இருமல் உள்ளவர்களுக்குத் தோட்ட வைத்தியசாலையிலேயே கவசம் கொடுத்து, தாமதமின்றிச் சளிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். காம்பராக்களில் எதிரெதிராகத் திறக்கும் ஜன்னல்களை அமைப்பதும், தனி வீடுகளைக் கட்டிக் கொடுப்பதும் நோய்த்தடுப்பு வேலைகள்தான். அவற்றை நலத்திட்டச் சலுகையாகக் காட்டித் தள்ளிப்போடுவதைத் தோட்ட நிர்வாகங்களும் அரசாங்கமும் நிறுத்த வேண்டும்.