விலாசம் பொறித்த பாத்திரங்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருப்பது பலருக்கும் தெரியும். சென்ற மாதம் அங்கே ஒரு கடையில் பித்தளைத் தூக்கு ஒன்றை எடுத்துப் பார்த்தேன். கழுத்துப் பகுதியில் மூன்று முன்னெழுத்துகள் உளியால் பொறிக்கப்பட்டிருந்தன. நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் இதை விலாசம் என்போம். பாட்டனார், தகப்பனார் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து அமைத்த அந்த விலாசம்தான், கடல் கடந்து போய் வட்டிக்கடை நடத்தும் கொண்டுவிற்கும் தொழிலில் ஒரு குடும்பத்தின் அடையாளம். வீட்டில் கரண்டி முதல் அண்டா வரை எல்லாவற்றிலும் அது இருக்கும். இது எந்த ஊர், எந்த வீட்டுச் சாமான் என்று கடைக்காரரிடம் கேட்டேன். "அதெல்லாம் யாருண்ணே கேக்குறா, மொத்தமா வந்த சாமான்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. விற்றவர்களே சொல்லாததை வாங்கியவர் எப்படிச் சொல்வார்?

இதே சிவகங்கை மாவட்டத்தில் கீழடி அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளிலும் பெயர்கள் இருக்கின்றன. 'ஆதன்' என்றும் 'குவிரன்' என்றும் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் கீறியவர்கள், எங்கள் அப்பத்தா தன் பாத்திரத்தில் விலாசம் வெட்டச் சொன்ன அதே காரணத்துக்காகத்தான் கீறியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். ஆனால் அந்த ஓடு பேசுகிறது, இந்தத் தூக்கு பேசவில்லை. எந்தக் குழியில், எந்த மண்ணடுக்கில், எவற்றோடு சேர்ந்து கிடைத்தது என்று எழுதிவைத்த பிறகே அங்கே ஓட்டை வெளியே எடுக்கிறார்கள். 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரித்துண்டு கி.மு. 580ஐச் சேர்ந்தது என்று 2019இல் அறிவித்தபோது, அந்த ஆண்டுக் கணக்குக்குப் பொருள் கொடுத்தது அந்த ஆழக் கணக்குதான். குழிக்குறிப்பு இல்லாமல் ஓட்டை மட்டும் கொண்டுவந்து கொடுத்திருந்தால், தமிழரின் எழுத்தும் நகர வாழ்வும் அவ்வளவு பழையவை என்று அதைக் கொண்டு மாநிலமே வாதிட்டிருக்க முடியாது.

2023 மார்ச்சில் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டு வீட்டின் பாணியில் கட்டியிருக்கிறார்கள். உள்ளே போனதும் 'நம்ம வளவு மாதிரியே இருக்கே' என்று எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. திரும்பி வரும் வழியில்தான் அந்தப் பெருமை உறுத்தியது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஓட்டைப் பாதுகாக்க நம் வீட்டின் சாயலில் புதுக் கட்டடம் எழுப்புகிறோம். நூறு ஆண்டு வயதான அசல் வீட்டையோ தூணுக்கு இவ்வளவு, நிலைக்கு இவ்வளவு என்று பிரித்து விற்கிறோம்.

செட்டிநாட்டு வீடும் ஒருவகையில் அடுக்குகளால் ஆனதே. முகப்பில் ஆண்களின் வரவு செலவு. வளவு என்கிற உள்முற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு மகன் குடும்பத்துக்கும் ஓர் அறை. இரண்டாம் கட்டில் சமையலும் பெண்களும். மகளுக்குச் சீராக வந்த மரவை என்னும் மரப் பாத்திரமும் கொட்டான் என்னும் ஓலைக் கூடையும் எந்த அறையில் இருந்தன என்பதிலேயே அவற்றின் கதை பாதி அடங்கியிருக்கிறது. பங்காளிகள் பெருகி, இருபது முப்பது பேர் கையெழுத்திட்டுப் பங்கு பிரிக்கும்போது, சாமானெல்லாம் முற்றத்தில் குவிக்கப்பட்டு விலை பேசப்படுகின்றன. அது ஒரு அகழாய்வு. குறிப்பேடு இல்லாத அகழாய்வு.

இதைவிட எனக்கு ஆறாதது கணக்குப் புத்தகங்கள்தான். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஆள் வைத்து ரங்கூனிலும் பினாங்கிலும் சைகோனிலும் கடை நடத்தியவர்கள் எழுதிய பேரேடுகளும் ஐந்தொகைகளும் கடிதக் கட்டுகளும் எங்கள் வீட்டில் இரண்டு சாக்கு இருந்தன. ஒரு கல்யாணத்துக்கு வீட்டை வெள்ளையடித்தபோது கரையான் பிடித்தது என்று கொல்லையில் வைத்துக் கொளுத்திவிட்டார்கள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. நானும் வேடிக்கை பார்த்தேன். பெல்ஜியம் கண்ணாடியை எவரும் கொளுத்தியதில்லை. விலை போகிற பொருள் தப்பிப் பிழைக்கிறது, விலை போகாத காகிதம் அழிகிறது. அதனால் செட்டிநாட்டின் கடந்த காலம் என்றால் தேக்கும் சலவைக்கல்லும் சாண்டிலியர் விளக்கும் என்றே ஊரார் நினைக்கிறார்கள். மாளிகைகளை விடுதிகளாக்கியவர்கள் விருந்தினருக்குச் சொல்வதும் அதுவே.

அந்தத் தேக்கு எந்தப் பணத்தில் வந்தது? 1930 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கைவசம் இருந்த நிலம் சுமார் 6 விழுக்காடு. உலகப் பொருளாதாரச் சரிவில் நெல் விலை விழுந்து, அவர்களிடம் கடன் வாங்கிய விவசாயிகள் அடைக்க முடியாமல் நிலத்தை விட்டதால், பத்தாண்டுக்குள் அது அங்குள்ள நிலத்தில் கால் பங்காக உயர்ந்தது. நிலம் வேண்டும் என்று போனவர்கள் அல்லர் நம்மவர்கள். நிலம் வந்து சேர்ந்ததே அவர்களுக்கும் வினையாகிப் போனது. ஜப்பானியப் படை வந்தபோது நடந்தே ஊர் திரும்பியவர்கள் உண்டு, பிறகு நிலமும் பர்மிய அரசின் கைக்குப் போயிற்று. இதில் யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்பதை விளக்குத் தண்டு சொல்லாது. நிலத்தை இழந்த பர்மிய விவசாயியின் பெயர் எங்காவது நம் பக்கம் எழுதப்பட்டிருந்தால், அது அந்தப் பேரேட்டில்தான் இருந்திருக்கும்.

காகிதத்தின் மதிப்பை அறிந்த ஒருவர் நம்மிடையே இருந்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா, பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். பழைய புத்தகம் மட்டுமல்லாமல் நாடக நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை என்று பிறர் தூக்கி எறிவதையெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தொகுப்பு சென்னையில் ஆராய்ச்சி நூலகமானது. கோட்டையூரிலேயே இருந்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் உண்டு, சொன்னால் சண்டை வரும். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் இங்கிருந்து பெயர்த்துக்கொண்டுபோன வீடு ஒன்று நிற்பதைப் பற்றியும் இதே கேள்வி எழுகிறது. இங்கேயே நின்றிருந்தால் நல்லதுதான். ஆனால் இங்கே நின்றிருக்காது.

1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறாண்டு கடந்த கலைப்பொருள்களும், வரலாற்று மதிப்புள்ள 75 ஆண்டு கடந்த கையெழுத்துப் படிகளும் தொல்பொருள்கள். நம் வீடுகளில் பாதி இப்போது அந்தக் கணக்கில் வந்துவிட்டது. விற்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை; கூரை ஒழுகும் வீட்டை வைத்துக்கொண்டு தவிக்கும் பங்காளிகளுக்கு அப்படிச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. விற்பதற்கு முன் எந்த அறை, யாருடைய சீர், எந்த விலாசம், எந்த ஆண்டு என்று நான்கு வரி எழுதி, ஒரு படம் எடுத்துவையுங்கள். பேரேடு இருந்தால் எடைக்குப் போடுமுன் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்.

அந்தத் தூக்கை நான் வாங்கிவிட்டேன். விலாசத்தின் படம் கீழே இருக்கிறது. இரண்டாவது எழுத்து தேய்ந்திருக்கிறது. 'அ'வா 'சு'வா என்று பிடிபடவில்லை. யார் வீட்டுடையது என்று தெரிந்தால் சொல்லுங்கள்.