கப்பை எண்ணி வரலாறு சொல்லாதீர்கள்

சனிக்கிழமை ஃபுட்பால் லைவைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். பார்க்காதவர்கள் தேடிப்போய்ப் பார்க்க வேண்டாம். "ஒரே ஒரு கப் ஜெயிச்ச டீம். யூனியன் பெர்லினுக்கு என்னங்க வரலாறு?" என்று ஒருவர் கேட்க, கூட இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்களே, அதுதான். ஜெர்மனியில் பெர்லின் நகரத்து ஃபுட்பால் கிளப்பைத்தான் சொன்னார்கள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

ஆமாம், பெரிய கப் என்று சொல்ல ஒன்றுதான். 1968, கிழக்கு ஜெர்மனியின் கோப்பை ஃபைனல். எதிரே அந்த வருஷத்து லீக் சாம்பியன் கார்ல் ஸைஸ் யேனா. யூனியன் 2-1 என்று ஜெயித்தது. அடுத்து ஐரோப்பாவில் ஆடியிருக்க வேண்டும். ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் பிராக் நகருக்குள் நுழைந்தன. அதனால் ஐரோப்பிய ஃபுட்பால் சங்கமான யுஇஎஃப்ஏ கிழக்கு அணிகளையும் மேற்கு அணிகளையும் தனித்தனியாகப் பிரித்து மறுபடி குலுக்கல் போட்டது. கிழக்கு ஜெர்மனி விலகிக்கொண்டது. மைதானத்தில் வியர்வை சிந்தி வாங்கிய இடம் மேஜையில் காணாமல் போனது. யுஇஎஃப்ஏ கோப்பையில் கால் வைக்க 2001 வரை காத்திருந்தார்கள். அதுவும் மூன்றாம் டிவிஷனில் இருந்தபடியே ஜெர்மன் கோப்பை ஃபைனல் வரை போய், ஷால்கேயிடம் 0-2 என்று தோற்று வாங்கிய இடம். இது வரலாறு இல்லையென்றால் வேறு எதுங்க?

கப்தான் கணக்கு என்றால் அதே ஊரில் பிஎஃப்சி டைனமோ இருக்கிறது. 1979 முதல் 1988 வரை தொடர்ந்து 10 லீக் பட்டம். கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸான ஸ்டாசியின் அமைச்சர் எரிக் மீல்க்கேயின் செல்லக் கிளப். நடுவரின் விசில் எப்போதும் அவர்கள் பக்கம்தான் சாய்கிறது என்று நாடே குமுறியது. பெர்லின் சுவர் விழுந்த பிறகு அந்தக் கிளப் கீழ் டிவிஷன்களுக்குப் போனது, மேலே வரவே இல்லை. கப்பை எண்ணுகிறவர்கள் அங்கே போய் எண்ணுங்கள்.

"அப்போ யூனியன்காரர்கள் எல்லாரும் புரட்சிக்காரர்களா?" என்று ஒருவர் கட்டாயம் வருவார். நான் அப்படிச் சொல்லவே இல்லை. 1966இல் இன்றைய பெயரில் கிளப்பை அமைத்தபோது பின்னால் நின்றவர் அரசுத் தொழிற்சங்கத் தலைவர் ஹெர்பர்ட் வார்ன்கே. அதை யாரும் மறைக்கவில்லை. ஆனால் 1966தான் தொடக்கம் என்றும் சொல்லாதீர்கள். 1906இல் பெர்லினின் ஓபர்ஷேனவைடவில், ஆலைகள் நிறைந்த பகுதியில் தொடங்கியது. 1923இல் ஜெர்மன் சாம்பியன்ஷிப் ஃபைனல் வரை போய் ஹாம்பர்கிடம் 0-3 என்று தோற்றார்கள். உலோகத் தொழிலாளர்களின் கிளப் என்றுதான் பெயர். "இரும்பு யூனியன்" என்று இன்றும் கேலரி அதிர்வது அந்த வழியில் வந்ததுதான்.

பெர்லினுக்கு வந்த புதிதில் என்னோடு வேலை பார்த்த எலக்ட்ரீஷியன் ஒருவர், யூனியன் ஸ்டேடியம் இருக்கிற கோப்பனிக் பகுதிக்காரர். அவருடைய இடது கட்டைவிரல் நகம் கோணலாக இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் ஒருநாள் கேட்டேன். ஸ்டேடியம் கட்டும்போது கான்கிரீட் படிக்கட்டு இறக்கையில் நசுங்கியது, அதற்குப் பிறகு நேராக வளரவில்லை என்றார். கூலி எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டதும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கூலியா? வருஷ லீவு மொத்தத்தையும் அங்கேதான் போட்டிருக்கிறார்.

2008, 2009. யூனியனின் சொந்த மைதானமான ஆல்ட்டே ஃபெர்ஸ்டராய் ஸ்டேடியம் இடிந்து கிடந்தது, ஆள் வைத்துக் கட்டக் கிளப்பிடம் காசில்லை. 2,000 பேருக்கும் மேல் ரசிகர்கள் வந்து ஏறத்தாழ 1,40,000 மணி நேரம் வேலை செய்து கட்டினார்கள். கொத்தனார், வெல்டர், வங்கி ஊழியர், மாணவர் எல்லாரும்தான். 2009 ஜூலையில் பெர்லினின் இன்னொரு கிளப்பான ஹெர்த்தாவோடு ஆடித் திறந்தார்கள். இன்றைக்கும் 22,012 பேர் கொள்ளும் அந்த இடத்தில் நாலாயிரத்துக்கும் குறைவாகவே இருக்கைகள். மற்றவர்கள் நின்றுதான் பார்க்கிறார்கள். நானும் அந்தப் படியில் நின்றிருக்கிறேன். காலுக்குக் கீழே இருந்தது அவர் நகத்தை வாங்கிய படியோ என்னவோ.

அதற்கும் முன்னால், 2004இல், லீக்கில் ஆடுவதற்கான லைசென்ஸுக்குப் பணம் கட்ட முடியாமல் கிளப் மூழ்க இருந்தபோது ரசிகர்கள் ரத்த தானம் செய்து, கிடைத்த தொகையைக் கிளப்புக்குக் கொடுத்தார்கள். நிஜ ரத்தம். கப்பை எண்ணிச் சிரித்தவர்களே, உங்கள் டீமுக்காக ஒரு ஊசியாவது குத்திக்கொண்டிருக்கிறீர்களா?

"சாம்பியன்ஸ் லீக் வந்ததும் காசுக்காகப் பெரிய ஸ்டேடியத்துக்குப் போனார்களே?" போனார்கள். 2023இல் ஒலிம்பிக் ஸ்டேடியத்தில் ஆடியது எனக்கும் பிடிக்கவில்லை. உறுப்பினர்கள் நிறையப் பேருக்கு டிக்கெட் கிடைத்தது என்பதும் உண்மை. இதற்கு மேல் அதைப் பேச எனக்கு ஒன்றுமில்லை.

நான் பேச நினைப்பது 2019 ஆகஸ்ட் 18. ஸ்டுட்கார்ட்டைப் பிளே ஆஃபில் தாண்டி முதல்முறையாக ஜெர்மனியின் முதல் டிவிஷனான புண்டஸ்லீகாவுக்குள் வந்த யூனியனின் முதல் ஆட்டம். இந்த நாளைப் பார்க்காமலே செத்துப்போன ரசிகர்களின் படங்களைக் குடும்பத்தார் பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்து கேலரியில் தூக்கிப் பிடித்தார்கள். நானூறுக்கும் மேல் முகங்கள். அப்பா, தாத்தா, அக்கா, கூட நின்று கத்திய நண்பன். அன்றைக்கு லைப்சிகிடம் 0-4 என்று தோற்றார்கள். உங்கள் கணக்கில் அது வெறும் தோல்வி, இல்லையா? ஜெயிக்கிற டீமின் ஜெர்சியை மட்டும் வருஷா வருஷம் மாற்றி மாற்றி வாங்குகிறவர்களுக்கு அந்த நானூறு பேர் கண்ணில் படவே மாட்டார்கள். செத்தவர்களுக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கிற ஊரைப் பார்த்தா சிரித்தீர்கள்?

கோபமாக எழுதுகிறேன் என்பார்கள். கோபம்தான். நீங்கள் சிரித்தது ஒரு கிளப்பைப் பார்த்து என்று நினைக்கிறீர்கள். எனக்கு அந்த எலக்ட்ரீஷியனைப் பார்த்துச் சிரித்ததாகத்தான் பட்டது.

மறுக்க வருகிறவர்கள் 1968 பற்றியோ 2004 பற்றியோ 2008 பற்றியோ பேசுங்கள், விடிய விடிய பேசத் தயார். கப் எத்தனை என்று மட்டும் இங்கே வந்து கேட்காதீர்கள்.